தண்ணீர் ஊற்றியது நான்தான்

மஅகில், பஸ்ரா
ஆகஸ்ட் 14

அன்பு மகன் மைதமுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. உன் மீதும் மருமகள் ரஷா மீதும் பேத்தி தீமா மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நான் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். உன் சுகத்தை விசாரித்து எழுத வேண்டிய அவசியம் இல்லை, போன வெள்ளிக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நெஞ்சும் தொண்டையும் நல்லபடியாக இருப்பது தெரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். உன் தங்கை ஹனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நீ போனை வைத்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து டீ போடப் போய்விட்டாள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை குறுக்கே போடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மகள் படிப்புக்காக அடுத்த வாரம் உங்கள் கோத்தன்பர்க்குக்கு வருகிறாள். அவள் கையில் இதையும் காய்ந்த எலுமிச்சை ஒரு பையும் பேரீச்சம்பழப் பாகு இரண்டு பாட்டிலும் கொடுத்து அனுப்புகிறேன். பாகை ரஷாவிடம் கொடுத்துவிடு, நீயே ஒளித்துவைத்துத் தின்னாதே, உனக்குச் சர்க்கரை இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை நிதானமாகப் படிப்பாய். எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுக் குனில்லாவுக்கு நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னாயே, "என் மகனுக்கு ஒண்ணுமே தெரியாது, கூரைக் குழாய்தான் ஒழுகுதுன்னு அவன் நெசமாவே நெனச்சான், நான் அவன்கிட்டயும் மறைச்சுட்டேன்"னு எழுதுங்க வாப்பா என்று, அதைத்தான் சொல்கிறேன். அந்த நாலு வரி வந்து சேர்ந்தால்தான் அடுத்த குளிர்காலத்துக்கு எனக்கு அழைப்புக் காகிதம் போடுவேன் என்றும் சொன்னாய். பெற்ற தகப்பனிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். காகிதத்தை நீயே வைத்துக்கொள். எழுபத்தாறு வயதில் பொய்க் கடிதம் எழுதப் பழகிக்கொள்ள எனக்குப் பொழுதும் இல்லை, ஆசையும் இல்லை. அப்புறம், உன் உம்மாவின் செம்புக் கிண்ணம் எங்கே, நீங்கள் பஸ்ராவுக்கு எடுத்துப் போனதாக நினைத்தோம், ஹனா இங்கே இல்லை என்கிறாளே என்று ரஷா போன மாதம் கேட்டிருந்தாள். அது பத்திரமாக இருக்கிறது. எங்கே என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

நடந்ததை நீ மறக்கப் பார்க்கிறாய், அதனால் நான் எழுதி வைக்கிறேன். ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு நாள் வேலையாக நீ ஸ்டாக்ஹோமுக்குக் காரில் கிளம்பினாய். ராத்திரியெல்லாம் பனி கொட்டியிருந்தது, போகிற வழி முழுக்க வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று ரஷா இரண்டு முறை சொன்னதும் நான் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உன் உம்மாவின் கிண்ணத்தை நான் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி அங்கே கொண்டுவந்ததே இதற்குத்தான். போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றினால் போனவர் திரும்பி வருவார், நம் வீட்டில் அது எப்போதும் உன் உம்மாவின் வேலை, அவள் போன பிறகு என் வேலை. உன் கார் நகர்ந்ததும் கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்து வந்து நடைபாதையில் உன் பின்னால் ஊற்றினேன், துஆவும் ஓதினேன், திருப்தியாக உள்ளே போய் டீ குடித்தேன். பஸ்ராவில் ஊற்றிய தண்ணீர் கார் தெரு முனையில் திரும்புவதற்குள் காய்ந்து போகும். தண்ணீர் என்றால் காயும் என்றே வாழ்நாள் முழுக்கப் பழகியவன் நான், அது அங்கேயே கிடந்து கல்லாகும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஆற்றில் கப்பல் ஓட்டியவருக்கு இதுகூடவா தெரியாது என்று அப்போது கேட்டாய். தெரியாது. எங்கள் ஆற்றில் ஐஸ் மீன் பெட்டிக்குள்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் குனில்லா நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார், அந்த ஐஸில் கால் வைத்தார், விழுந்தார். வலது மணிக்கட்டு. சத்தம் போட்டு அழக்கூட இல்லை, நாயின் கயிற்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைத் தட்டி நன்றி என்றார். நன்றி. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு உள்ளே போனது, ஏப்ரல் வரை வெளியே வரவில்லை. வியாழக்கிழமை நீ சுகமாகத் திரும்பி வந்தாய், தண்ணீர் தன் வேலையைச் செய்தது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை, நீ சிரித்தாலும் சரி. வந்ததும் பூங்கொத்து வாங்கிக்கொண்டு குனில்லா வீட்டுக்குப் போனாய். மகன் நமக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நான் ஜன்னலில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ போய்ச் சொன்னது, எங்கள் கூரைக் குழாய் ஒழுகி இப்படி ஆகிவிட்டது, சங்கத்தில் சொல்லி மாற்ற ஏற்பாடு செய்கிறேன் என்று. அதுவும் செய்தாய். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்து, ஒரு சொட்டும் ஒழுகாத குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன்.

அன்று சாயந்திரம் சமையலறையில் நீ என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. "வாப்பா, வாயைத் தொறக்காதீங்க. இவங்க கண்ணுல நாம ஏற்கெனவே ஒரு மாதிரிதான். மந்திரம் பண்ணித் தண்ணி ஊத்துற ஆளுங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு நான் இந்தத் தெருவுல தல காட்ட முடியுமா?" நவம்பரில்தான் உன்னைச் சங்கத்துக் குழுவில் சேர்த்திருந்தார்கள், அந்தப் பயம் உனக்கு. எனக்கு அது புரியாமல் இல்லை. நீ வெறும் கையோடு போய், அவர்கள் பாஷையைக் கற்று, அந்த வீட்டையும் அந்தப் பெயரையும் சம்பாதித்தவன். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழு வாரம். இந்த விஷயத்தில் நான் செய்த குற்றம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், தண்ணீர் ஊற்றியதைச் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தது தண்ணீர், தெரிந்தே செய்தது அந்த ஏழு வாரம்.

உங்களோடு இருந்த ஏழு மாதத்தைப் பற்றி ஹனா நூறு தடவை கேட்டுவிட்டாள், நான் உங்களைக் குறை சொல்லவில்லை. வீடு கதகதப்பு, ரஷாவின் கை ருசி, தீமா என் மடியில் உட்கார்ந்து எழுதிய வீட்டுப்பாடம், டிராமில் போய் இறங்கித் துறைமுகத்தில் இழுவைப் படகு பார்த்த காலைகள், எல்லாம் என் கணக்கில் நன்மைதான். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கு ஸலாம் சொல்லாதீங்க, குப்பை போடப் போகும்போது திஷ்தாஷா அங்கியில் போகாதீங்க, போனில் மெதுவாகப் பேசுங்க, பக்கத்து வீட்டுக்குத் தட்டில் எதுவும் கொடுக்காதீங்க, அவங்களுக்குப் பழக்கமில்லை, என்று நீ தினம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஒன்றையும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் ஸலாம் சொன்னதில் மூன்றாவது வாரமே இரண்டு பேர் கை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள், உன் பதினாறு வருஷத்தில் அவர்கள் பெயர் உனக்குத் தெரியுமா? ஒருவன் பெயர் ஸ்டெல்லன், அவனுக்கு மூட்டு வலி, நான் சொன்ன எண்ணெயைத்தான் தேய்க்கிறான்.

குனில்லாவின் வாசலில் பனி வாரினேனே, வாப்பாவுக்கு உடற்பயிற்சி என்று நீ எல்லாரிடமும் சொன்னாய். உடற்பயிற்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அந்த அம்மா இடது கையால் நாய்க்குக் கழுத்துப் பட்டை மாட்டப் பாடுபடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நான் ரொட்டி தின்ன வேண்டும், அது தொண்டையில் இறங்கினால்தானே? ஞாயிற்றுக்கிழமைதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய் அக்கார்டியன் வாசிப்பவர் அவர், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. கையில் கட்டுப் போட்ட பிறகு அந்த வாத்தியப் பெட்டி அப்படியே கூடத்தில் கிடந்தது. நான் பனி வாரி முடித்தால் கதவைத் திறந்து இலவங்கப்பட்டை ரொட்டி கொடுப்பார், நன்றி என்பார். ஒவ்வொரு நன்றிக்கும் எனக்கு வயது ஒன்று கூடியது. மார்ச் முதல் ஞாயிறு, நீங்கள் மூன்று பேரும் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தீர்கள், நான் ரொட்டியை வாங்கிக்கொள்ளவில்லை, உள்ளே வரலாமா என்று கேட்டேன்.

என் இங்கிலீஷைக் கப்பல் இங்கிலீஷ் என்று தீமா கேலி செய்வாள், நிஜம்தான். மெதுவாக முன்னே, வலது பக்கம் திருப்பு, நங்கூரத்தை இறக்கு, முப்பது வருஷம் இதை வைத்தே பிழைத்தேன். அதில் மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடையாது. மேஜையில் இருந்த தண்ணீர் ஜாடியைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன், "குழாய் இல்ல. நான். தண்ணி ஊத்துனது நான்தான்." ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டார். மகன் பயணம் போனான், திரும்பி வரணும், அதுக்கு என்றேன். கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "உங்க மகனுக்கு இது தெரியுமா?" இந்த இடத்தில்தான் நீ என் மேல் கோபமாக இருக்கிறாய். இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு சின்ன வார்த்தை, உன்னைக் காப்பாற்றியிருக்கும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ஒளிக்கவில்லை. எதிரே அந்தக் கை மேஜை மேல் இருந்தது, கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, மற்ற கையைவிட மெலிந்து வெளுத்துக் கிடந்தது. "தெரியும்" என்றேன். "இப்ப நீங்க போங்க" என்றார். போனேன்.

ஒன்பது நாள் அந்த வீட்டு ஜன்னல் திரை திறக்கவில்லை. நான் பனி வாரினேன், ரொட்டி வரவில்லை, அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன், ஆச்சரியமாக அந்த ஒன்பது நாளும் எனக்கு நல்ல தூக்கம். பத்தாம் நாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு கதவு தட்டப்பட்டது. எதில் ஊற்றினீர்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றார். கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் வெட்டியிருக்கும் பெயரை விரலால் தடவி இது யார் என்று கேட்டார். நஜிய்யா, என் மனைவி என்றேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் மகன் ஊரைவிட்டுக் கிளம்பியபோது இதே கிண்ணத்தில் அவன் பின்னால் ஊற்றினாள், அவன் அதற்கப்புறம் வரவே இல்லை, அவள் மவுத்தாகி எட்டு வருஷம் ஆகிறது என்று எல்லாவற்றையும் அந்த உடைந்த இங்கிலீஷில் கொட்டினேன். "அப்ப இது வேல செய்யலையே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். "செய்யும், இன்னும் முடியல" என்றேன். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அன்றைக்கு உங்கள் சமையலறையில் காய்ந்த எலுமிச்சை டீ குடித்துவிட்டுப் போனார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"என்னப் பொய்யனாக்கிட்டீங்க வாப்பா" என்று கத்தினாய். தபால் பெட்டி பக்கத்தில் நீ திரும்பவும் குழாய்ப் பேச்சை எடுத்தபோது, எனக்கு மார்ச் மாதத்திலிருந்தே தெரியும் என்று குனில்லா சொன்னாராம். நான் உன்னைப் பொய்யனாக்கவில்லை மகனே. பொய்யை நீ சொன்னாய், அதைத் தாங்கிப் பிடிக்க நான் மறுத்தேன், இரண்டும் வேறு. ஐந்து மாதம் உண்மை தெரிந்தும் அந்த அம்மா சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்னைத் தெருவில் பார்த்தால் கை ஆட்டினார், அதை யோசித்தாயா? அவர் காத்திருந்தார். நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தார். நீ போய்க் குழாயைப் பற்றிப் பேசியிருக்கிறாய்.

எண்பதில் தொடங்கிய யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு போலந்துக் கப்பலை ஆற்றில் கொண்டுவந்தபோது வளைவில் நான் சீக்கிரம் திருப்பிவிட்டேன், கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, கிளப்ப இரண்டு நாள் ஆனது. அந்தக் கேப்டன் நல்ல மனிதர், சுக்கான் சிக்கிக்கொண்டது என்று எழுதிவிடலாம், உனக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது என்றார். அறிக்கையில் என் தவறு என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், துறைமுகத்தில் நாலு பேர் கண்டபடி பேசினார்கள், உன் உம்மாவின் அண்ணன் என்னை முட்டாள் என்றார். நான் தலைகாட்டாமல் இருக்கவில்லை, தினமும் சாயந்திரம் டீக்கடைக்குப் போனேன். அந்த ஆறு வாரத்தில்தான் நீ நடக்கப் பழகினாய், என் விரலைப் பிடித்துக்கொண்டு. ஆகவே அதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. தலைகாட்ட முடியாதே என்று நீ பயப்படுகிறாய் அல்லவா, காட்டலாம், ஒன்றும் ஆகாது, நான் காட்டியிருக்கிறேன்.

அழைப்புக் காகிதம் வேண்டாம் என்று மேலே எழுதியது கோபத்தில் எழுதியது இல்லை. மகனைப் பார்க்க வேண்டுமென்றால் நான்தான் கப்பல் ஏற வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. முதலில் அங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை என்றாய், அது உண்மை, காகிதம் இல்லாமல் உன் உம்மாவின் மய்யித்துக்குக்கூட வர முடியவில்லை, அதற்கு உன்னை நான் ஒரு சொல் சொன்னதில்லை. காகிதம் வந்த பிறகு வேலை என்றாய், குழந்தை சின்னது என்றாய், வெயில் என்றாய், அடுத்த வருஷம் என்றாய். உம்மாவின் கப்ரை நீ போனில் வந்த படத்தில்தான் பார்த்திருக்கிறாய் மைதம், எனக்கு அது வலிக்கிறது, நன்றாகவே வலிக்கிறது. இங்கே இப்போது வெயில் ஐம்பதைத் தொடுகிறது, மின்சாரம் வந்து வந்து போகிறது, குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, எதையும் நான் மறைக்கவில்லை. பர்ஹிப் பேரீச்சம்பழம் மஞ்சளாகி நிற்கிறது. ஹனாவின் பெரியவள் பரீட்சையில் தேறிவிட்டாள், மருந்தியல் படிக்கப் போகிறாளாம்.

இப்போது கிண்ணம். ஏப்ரலில் நான் கிளம்பிய காலை, நீ பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாய், விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாய். என் பின்னால் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ரஷாவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தாய், எனக்குக் காது கேட்கும். நான் வேலியைத் தாண்டிப் போய்க் கிண்ணத்தைக் குனில்லா கையில் கொடுத்தேன். மகன் ஒரு நாள் உங்கள் கதவைத் தட்டுவான், தண்ணீரைப் பற்றி அவன் வாயால் சொல்வான், அன்றைக்கு இதை அவனிடம் கொடுங்கள், அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். சரி என்றார். காரில் ஏறினோம், நீ ரோட்டைப் பார்த்து ஓட்டினாய், நான் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வாசலுக்கு வந்தார். கதவோரம் தொங்கும் வெப்பமானியைக் குனிந்து பார்த்தார், உறையாது என்று உறுதி செய்துகொண்டார் போலிருக்கிறது. அப்புறம் உன் உம்மாவின் கிண்ணத்தை, உடைந்து சேர்ந்த அந்த வலது கையில் ஏந்தி, நம் கார் போன வழியில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். நான் அழுதேன், நீ சளியா வாப்பா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் உன்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஆகவே கிண்ணம் உனக்கு இருபது அடி தூரத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் போய்த் தட்டு. வாங்கியதும் தபாலில் போடாதே, யாரிடமும் கொடுத்தனுப்பாதே, உன் கையில் கொண்டுவா, உம்மாவின் கப்ரில் நானும் நீயும் அதில் தண்ணீர் தெளிப்போம். அதுவரை நான் சாக மாட்டேன், அதற்கும் உன் அனுமதியை எதிர்பார்க்கவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடு. தீமாவிடம் வாரம் ஒரு நாளாவது நம் பாஷையில் பேசு. ரஷாவைக் கோபிக்காதே, நான் குனில்லாவிடம் சொன்னதும் கிண்ணம் போன இடமும் அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என் பக்கம்தான் நின்றிருப்பாள். அல்லாஹ் உன் நாவை நேராக்கி, நெஞ்சை விசாலமாக்கி, நீ கால் வைக்கும் இடத்தை வழுக்காமல் காப்பானாக. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை, அந்த அம்மாவுக்குக் கை சரியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கு முன்னால் போ.

தண்ணீர் ஊற்றியதற்கு வருந்தாத,
உன் வாப்பா
ஃபாலிஹ் அப்துல் ஸஹ்ரா
ஆற்றுக் கப்பல் பைலட் (ஓய்வு)